தோட்டப்புற ஸ்டூடியோவில் செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகள்: தொடங்கும் முறையும் நிறுத்தும் இடமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்றதொரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் இரண்டு வகையான வேலைகள் வந்து சேர்கின்றன. ஒன்று, திருமணம், வளைகாப்பு, தைப்பூசக் காவடி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா என இன்று நடப்பவற்றைப் படம் பிடிப்பது. மற்றொன்று, தகரப் பெட்டியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய படங்களை எடுத்து வந்து, "இதக் கொஞ்சம் தெளிவாக்கிப் பெரிசு பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்குச் செய்து தருவது. படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த இரண்டு வேலைகளுக்குள்ளும் வந்துவிட்டன. கேமராவும் ஃபோட்டோஷாப்பும் நன்றாகத் தெரிந்து, இந்தக் கருவிகளை இப்போதுதான் தொட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கும் புகைப்படக் கலைஞருக்காக, அவற்றை எந்த வரிசையில் பழகுவது, எந்த வேலைக்கு எவ்வளவு தூரம் நம்புவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி என்ன செய்கிறது என்பது விளங்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகிய படம் உருவாக்கும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது பரவிய முறையே இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. விளக்க வரியோடு கூடிய ஏராளமான படங்களின் மேல் படிப்படியாக இரைச்சல் புள்ளிகளைத் தூவி, அந்த இரைச்சலை நீக்கும் வழியைக் கணினிக்குக் கற்பிக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு நாம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், வெறும் இரைச்சலில் தொடங்கி, அந்த வரிக்குப் பொருந்தும்படி அதைச் சிறிது சிறிதாக நீக்கிக்கொண்டே போய் ஒரு படத்தை அது வரைந்து முடிக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் லையான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. அத்தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகளும் அவற்றின் விளக்க வரிகளும் இருந்தன. கருவி எங்கிருந்தோ ஒரு படத்தைத் தேடி எடுத்துத் தருவதில்லை. நம் முன் நிற்கும் மனிதரை அது அறிந்திருப்பதும் இல்லை. இப்படிப்பட்ட சொற்களுக்கு இப்படிப்பட்ட படம் அமைவதே வழக்கம் என்ற தன் ஊகத்தை அது வரைகிறது.

ஆகவே எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், அதில் எது சாட்சி, எது அலங்காரம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மணமக்களுக்குப் பின்னால் தெரியும் மின்கம்பியும் நெகிழி நாற்காலிகளும் அலங்காரத்தைச் சேர்ந்தவை. மணமகளின் முகமும், அவர் கழுத்தில் ஏறிய தாலியும், பக்கத்தில் நின்ற தாய்மாமனும் சாட்சி. அலங்காரத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்கலாம். சாட்சியில் கொடுக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் முறைகள் அனைத்தும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

யாருடைய படமும் இல்லாமல் தொடங்குங்கள்

பழகுவதற்கு மிக நல்ல இடம் படப்பிடிப்புக்கு முந்திய திட்டமிடல். திருமணத்துக்கு முன் வெளியிடத்தில் படம் எடுக்க விரும்பும் இணையரிடம், "காலையில் செம்பனைத் தோட்டத்தில் எடுக்கலாமா, மாலையில் ஆற்றோரம் எடுக்கலாமா?" என்று வாயால் விளக்குவதைவிட, ஒளியும் நிறமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு மாதிரிகளைக் காட்டினால் பேச்சு விரைவில் ஒரு முடிவுக்கு வரும். இதில் யாருடைய முகமும் கருவிக்குள் போவதில்லை என்பதால், தவறு நேர்ந்தாலும் யாருக்கும் கேடு இல்லை.

கருவிக்குக் கொடுக்கும் விளக்க வரியான கட்டளையை எழுதுவதில் புகைப்படக் கலைஞருக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னிலை உண்டு. "அழகான", "பிரமாதமான" என்ற சொற்களை விட்டுவிட்டு, படம் எடுக்கும்போது நீங்கள் உண்மையில் முடிவு செய்பவற்றை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, "விடிந்து சற்று நேரமான செம்பனைத் தோட்டம், இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை, 85 மில்லிமீட்டர் லென்ஸ், இடப்புறப் பின்னாலிருந்து வரும் தாழ்ந்த வெயில், மெல்லிய மூடுபனி, இடுப்பு உயரத்தில் கேமரா" என்று எழுதினால், ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைக் கருவி பெரும்பாலும் சரியாகவே பிடித்துக்கொள்ளும். புதிய உரையாடல் கருவிகள் இதைத் தமிழிலேயே புரிந்துகொள்கின்றன. கணினியில் நிறுவிக்கொள்ளும் பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் பதிப்புகள் பெரும்பாலும் ஆங்கில விளக்க வரிகளைக் கொண்டு பயின்றவை என்பதால், அவற்றுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுவதே பயன் தரும்.

ஒரு மாதிரி ஓரளவு பிடித்துவிட்டால், அதன் விதை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கிறது. எண்ணையும் மற்ற அமைப்புகளையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு கட்டளையில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றினால், அந்தச் சொல் படத்தை என்ன செய்தது என்று தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். எல்லாக் கருவிகளும் விதை எண்ணைக் காட்டுவதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷனும் மிட்ஜர்னியும் காட்டுகின்றன.

மாதிரியை வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு முன் நம் ஊர்க் கண்ணோடு அதை ஒருமுறை ஆராய வேண்டும். இங்கேதான் கருவிகள் மிகுதியாகத் தவறுகின்றன. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் எடுக்கச் சீவிய கோடு, மரத்தைப் பார்த்து நிற்பவரின் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிய வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றே சாய்வாக ஏறுவதால், அந்தத் திசையில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். கருவியோ கோட்டைத் தன் விருப்பப்படி எந்தப் பக்கமும் சாய்த்துவிடுகிறது. மரம் சீவுவது விடியலை ஒட்டிய வேலை. கருவி உச்சி வெயிலில் சீவ வைக்கிறது. செம்பனைக் குலை மட்டைகளின் இடுக்கில் இறுகி அமர்ந்திருக்கும். கருவி அதைத் தேங்காய்க் குலையாகத் தொங்கவிடுகிறது. புடவையின் முந்தானை இடத்தோளை விட்டு வலத்தோளுக்குப் போய்விடுவதும், காவடி பெயர் தெரியாத ஏதோ ஒரு பல்லக்காகிவிடுவதும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பிறந்த தலைமுறையில் சீவிய மரத்தை நேரில் பார்க்காதவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் பிழைகள் தெரியாது. ஆகவே அவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நம்முடையதே. நீங்களே எடுத்த தோட்டப் படமொன்றை வழிகாட்டிப் படமாகக் கொடுத்து அதன் மேல் உருவாக்கச் சொன்னால் இவற்றில் பெரும்பாலானவை குறையும்.

தமிழ் எழுத்துகளை மட்டும் கருவியிடம் விடவே விடாதீர்கள். வாழ்த்துப் பலகையிலும் அழைப்பிதழிலும் அது வரையும் தமிழ், தூரத்திலிருந்து பார்க்கத் தமிழ் போலவும், வாசிக்கப் போனால் எந்த மொழியும் இல்லாததாகவும் இருக்கும். புதிய கருவிகள் முன்னேறியிருந்தாலும் கூட்டெழுத்துகளில் இன்னும் சறுக்குகின்றன. எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாக விடச் சொல்லி, பிறகு ஒருங்குறி எழுத்துருவில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ", "கோ" போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய படங்களில் பின்னணி வேலை

அடோபி நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஃபோட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் வெளியிட்ட, தேர்ந்தெடுத்த இடத்தை உருவாக்கி நிரப்பும் வசதியே ஸ்டூடியோவில் அன்றாடம் மிகவும் பயன்படக்கூடியது. திருமண மண்டபத்தில் இடம் போதாமல் ஓரம் வெட்டுண்ட மேடையை நீட்டவும், தலைக்கு மேல் குழாய்விளக்கு தெரிவதை நீக்கவும் இது போதும். தேர்வை எப்போதும் மனிதர்களின் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளியே போடுங்கள். கூந்தலையும் மாலையின் நாரையும் தேர்வு தொட்டுவிட்டால் கருவி அவற்றையும் புதிதாக வரைந்துவிடும். பிறகு மல்லிகை வேறொரு பூவாக மாறியிருப்பதை ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

உருவாக்கப்படும் பகுதிக்குப் படப்புள்ளி வரம்பு உண்டு. அந்த வசதி வந்தபோது அது 1024க்கு 1024 என்ற அளவில் இருந்தது. அதைவிடப் பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கருவி சிறிதாக உருவாக்கி இழுத்துப் பெரிதாக்கும். அந்த இடம் மட்டும் மழுங்கித் தெரியும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 1024 படப்புள்ளி என்பது மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. ஆகவே பெரிய பின்னணியைத் துண்டு துண்டாக நிரப்புங்கள். நிரப்பிய அடுக்கைத் தனியாகவே வைத்திருந்து, மூலப்படத்தில் உள்ள அதே அளவு மணித்துகளை (கிரெயின்) அதன் மேல் சேர்த்தால்தான் இரண்டும் ஒட்டும். நிழல் விழும் பக்கத்தையும் பாருங்கள்: மேடை விளக்கு வலப்புறம் இருக்க, புதிதாக வந்த தூண் வலப்புறமே நிழல் விட்டால் எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும் கண் ஏற்காது.

பழைய படங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் தோட்டப்புறக் குடும்பங்களைப் பொறுத்தவரை பழைய படம் வெறும் நினைவுப்பொருள் அல்ல. 1950களிலும் 1960களிலும் பல பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு, அவற்றைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ளும் பொருட்டு சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரும் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் எத்தனையோ இடிந்துபோயின, கோயில்கள் இடம் மாறின, மக்கள் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோனார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தண்டலும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) தொழிலாளர்களும் சேர்ந்து நின்ற ஒரு படம், அந்தத் தோட்டம் இருந்ததற்கும் அதில் நம்மவர் வாழ்ந்ததற்கும் எஞ்சிய ஒரே ஆவணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தில் ஊகம் கலந்துவிட்டால் அதைத் திருத்தித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் நல்ல ஸ்கேன் எடுங்கள். மங்கலான படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கருவியிடம் கொடுத்தால், அச்சில் உண்மையாகவே இருக்கும் விவரத்தை விட்டுவிட்டு அது கற்பனை செய்யத் தொடங்கும். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தை 1200இல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 1650க்கு 2360 படப்புள்ளிகள் கிடைக்கும். 5க்கு 7 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ கணக்கில் 1500க்கு 2100 போதும் என்பதால், அந்த அளவு வரை பெரிதாக்கும் கருவி தேவையே இல்லை. நம் ஈரக் காற்றில் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பது அடிக்கடி நடப்பது. அதைப் பிரிக்க முயலாமல், இரு புறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் படமெடுங்கள். கிடைத்த கோப்பைத் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் சேமித்து, அதன் மேல் எதையும் செய்யாமல் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கீறல், மடிப்பு, பூஞ்சைக் கறை ஆகியவற்றை நீக்க ஃபோட்டோஷாப்பின் பழைய முத்திரைக் கருவியும் (குளோன் ஸ்டாம்ப்) தழும்பாற்றும் தூரிகையுமே (ஹீலிங் பிரஷ்) பெரும்பாலும் போதுமானவை. அவை பக்கத்தில் இருப்பதை எடுத்துப் பூசுகின்றன. சுவரிலும் வானத்திலும் தரையிலும் உருவாக்கி நிரப்பும் கருவியைப் பயன்படுத்தலாம்; ஆனால் படத்தில் பெயர்ப்பலகையோ, வீட்டு எண்ணோ, கோயில் கோபுரமோ கிழிந்திருந்தால் அந்த இடத்தைக் கிழிந்தபடியே விடுங்கள்.

முகத்தைத் தெளிவாக்கும் கருவிகளைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் போன்றவை ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. மங்கிய முகத்தைக் கொடுத்தால், அந்த முகங்களிலிருந்து கற்ற வழக்கமான கண், மூக்கு, பல்வரிசை ஆகியவற்றை அவை அதில் பொருத்துகின்றன. இதே வகைத் தொகுப்பை நம்பி இயங்கிய பல்ஸ் என்ற ஆய்வுக் கருவியிடம் 2020ஆம் ஆண்டில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து கொடுத்தது உலகெங்கும் பேசப்பட்டது. நம் ஊரிலும் ஒரு குடும்பம், கைப்பேசிச் செயலியில் தெளிவாக்கிய படத்தை அச்சிடக் கொண்டு வந்தபோது, கூட வந்த பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இல்லய்யா இது, யாரோ சினிமாக்காரன் மாதிரி இருக்கு" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டார். நான் இதுவரை கேட்ட தொழில்நுட்ப மதிப்பீடுகளில் அதைவிடச் சரியானது இல்லை.

ஆகவே அளவோடு செய்யுங்கள். கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை நகரும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 0 பக்கம் போனால் பளபளப்பு கூடும், 1 பக்கம் போனால் நாம் கொடுத்த முகத்துக்கு அது கட்டுப்பட்டு நிற்கும். 1ஐ ஒட்டியே வையுங்கள். கிடைத்ததை மூலப்படத்தின் மேல் தனி அடுக்காக வைத்து, பாதிக்கும் குறைவான அடர்த்தியில் கலந்து, கண்களையும் வாயையும் மூலப்படத்திலிருந்தே தெரிய விடுங்கள். ஸ்கேனை முழு அளவில் விரித்தும் உங்கள் கண்ணுக்கு இமையும் விழியும் பிரிந்து தெரியவில்லை என்றால் அந்த முகத்தைத் தெளிவாக்காதீர்கள். குழுப் படத்தின் பின்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அவர்கள் மங்கலாகவே நிற்பது நல்லது.

நிறம் ஏற்றுவதிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு வகை சிவப்பு ஒளியை உணராது, நீலத்தை மிகுதியாக உணரும். அதில் எடுத்த படத்தில் சிவப்புப் புடவை கறுப்பாகவும் நீலப் புடவை வெளிறியும் தெரியும். மாநிறத் தோலும் உள்ளதைவிடக் கருத்துத் தெரியும். கருவிக்கு இது தெரியாது. அது சாம்பல் நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து ஊகிக்கிறது, சில நேரங்களில் எல்லோருடைய தோலையும் ஒரே வெளிர் பழுப்பில் நனைத்துவிடுகிறது. முற்காலத்தில் ஸ்டூடியோக்களில் கையால் வண்ணம் பூசியவர்கள், "புடவை என்ன நிறம்மா?" என்று கேட்டுத்தான் பூசினார்கள். நாமும் அப்படியே கேட்போம். வீட்டுப் பெரியவர்களைப் படத்தின் முன் உட்கார வைத்து, புடவை, சுவர், வாசற்கதவு, தாத்தாவின் தோல்நிறம் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னதைக் கையால் பூசுங்கள். யாருக்கும் நினைவில்லாத இடத்தைச் சாம்பலாகவே விட்டாலும் படம் கெடாது. நிறம் ஏற்றிய படத்தைக் கொடுக்கும்போது கறுப்பு வெள்ளை அச்சையும் சேர்த்தே கொடுப்பதை நான் விதியாக வைத்திருக்கிறேன்.

அனுமதியும் அடையாளமும்

இணையவழிக் கருவியில் ஒரு படத்தை ஏற்றுவது என்பது, வாடிக்கையாளரின் முகத்தை வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புவதாகும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பில் பெறப்படும் தரவுகளுக்குப் பொருந்துகிறது. ரசீதிலேயே ஒரு வரி சேர்த்து, எந்தக் கருவியை எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். கருவியின் அமைப்புகளில், ஏற்றும் படங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தெரிவு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். குழந்தைகளின் படங்களையும் பள்ளிக் குழுப் படங்களையும் இணையக் கருவிகளில் ஏற்றாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. அவ்வேலை நிறைய வருமானால், 8 ஜிபி நினைவகமாவது உள்ள வரைகலை அட்டையோடு ஒரு கணினி வாங்கி, கம்ஃபியூஐ போன்ற இடைமுகத்தில் ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஸ்டூடியோவிலேயே இயக்கலாம். படம் வெளியே போகாது.

போட்டிகளுக்கு அனுப்புகிறவர்கள் விதிகளை முழுவதும் வாசியுங்கள். 2023ஆம் ஆண்டின் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று கூறி விருதை மறுத்த பிறகு, பல போட்டிகள் இதைக் கவனமாகப் பார்க்கின்றன. பின்னணியை மட்டும் நீட்டியிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கோப்பின் உட்தகவலில், படம் எப்படி உருவானது என்று குறிக்கும் புலம் ஐபிடிசி எனும் படத்தகவல் தரநிலையில் இருக்கிறது. அதில் கருவியின் பங்கைக் குறித்துவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அத்தகவல் பொதுவாக உதிர்ந்துபோகும், நம் ஊரில் எல்லாப் படங்களும் வாட்ஸ்அப்பில்தான் பயணம் செய்கின்றன. ஆகவே கோப்பாக அனுப்புங்கள், அல்லது நினைவுக்கோலில் (பென்டிரைவ்) கொடுங்கள். அச்சின் பின்புறத்தில் அழியாத மையால், "மூலப்படம் கறுப்பு வெள்ளை. கீறல்கள் நீக்கப்பட்டன. புடவை நிறம் குடும்பத்தார் சொன்னபடி. வலப்புறச் சுவர் கணினியால் நிரப்பப்பட்டது" என்ற முறையில் ஆண்டோடு எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும், கொண்டு வந்தவர் கடையில் இருக்கும்போதே கேட்டு அதன் கீழே சேர்த்துவிடுங்கள். கை வைக்காத டிஃப் கோப்பை, கேட்காவிட்டாலும், முடித்த படத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.